வார்ப்புப் பிம்பங்களும் வேலைத்தேர்வும்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேலைக்கு ஆள் எடுப்பதில் நிகழும் பாகுபாட்டை ஆராய்வோர், யார் விலக்கப்படுகிறார் என்ற வினாவையே பெரும்பாலும் முதன்மைப்படுத்துகின்றனர். இனம், சாதி, பால் ஆகியவை பற்றிய வார்ப்புப் பிம்பங்கள் சிலரை விலக்குவதோடு, வேறு சிலரைத் தேடிப்பிடித்து வேலைக்கு அமர்த்தவும் செய்கின்றன. அமெரிக்காவில் லத்தினோ விண்ணப்பதாரர்கள் குறித்த ஆய்வுகளிலும் இந்தியாவில் சாதி குறித்த விண்ணப்பச் சோதனை ஆய்வுகளிலும் பெறப்பட்ட முடிவுகளைத் தருமபுரி மாவட்டத் தொழிலாளர் நிலையோடு ஒப்பிட்டு, அம்முறையியலின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’, மின்னணு ஆலைகளின் ‘மணமாகாத பெண்கள்’ என்னும் நிபந்தனை, மலைவாழ் ஆண்கள் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்படுதல் ஆகிய மூன்றும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வார்ப்புப் பிம்பம், வேலைத்தேர்வு, பாகுபாடு, தருமபுரி, சுமங்கலித் திட்டம், லத்தினோ, மலையாளிப் பழங்குடியினர்

முன்னுரை

ஒரு குழுவைச் சேர்ந்த அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துப் பார்க்கும் முன்முடிவை ‘வார்ப்புப் பிம்பம்’ என இக்கட்டுரை சுட்டுகிறது. வேலை தருபவர் தம்முன் நிற்கும் தனிமனிதரின் திறனை அறியுமுன்பே, அவருடைய பெயர், ஊர், தோற்றம், பால், மணநிலை ஆகியவற்றைக் கொண்டு அவரைப் பற்றிய ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். அம்முடிவு வேலை மறுப்பாக வெளிப்படும்போது அது பாகுபாடு என எளிதில் இனங்காணப்படுகிறது. அதே முன்முடிவு ‘இவர்கள் பொறுமைசாலிகள், சொன்னதைச் செய்வார்கள், இவர்களையே எடுங்கள்’ என்று பாராட்டாக வெளிப்படும்போது யாரும் அதனைப் பாகுபாடு எனக் கருதுவதில்லை. பாகுபாடு பற்றிய ஆய்வுகள் போதிய கவனம் செலுத்தாத பகுதி இதுவே.

1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஓசூர், போச்சம்பள்ளி ஆகிய தொழிற்பகுதிகள் கிருஷ்ணகிரியோடு சென்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில எழுத்தறிவு விகிதம் 80.09 விழுக்காடாக இருக்க, தருமபுரியின் விகிதம் 68.54 விழுக்காடாக இருந்தது. இது மாநிலத்திலேயே மிகக் குறைவு. ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள் என்ற பாலின விகிதமும் மாநில அளவான 996ஐவிட மிகவும் பின்தங்கியது. மானாவாரி வேளாண்மையை நம்பியுள்ள இம்மாவட்டத்திலிருந்து பெங்களூருவின் கட்டுமானத் தளங்களுக்கும் கொங்குப் பகுதியின் ஆலைகளுக்கும் மக்கள் தொடர்ந்து வேலை தேடிச் செல்கின்றனர். ‘பின்தங்கிய மாவட்டம்’ என்ற நிருவாகச் சொல், வேலைச் சந்தையில் ‘குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் மாவட்டம்’ என்றே பொருள் கொள்ளப்படுகிறது. இப்பொருள் மாற்றத்தில் வார்ப்புப் பிம்பங்களுக்குரிய பங்கு என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

விண்ணப்பச் சோதனை ஆய்வுகள் காட்டுவன

கல்வி, பட்டறிவு ஆகியவற்றில் சமமான விண்ணப்பங்களை உருவாக்கி, பெயரை மட்டும் மாற்றி அனுப்பி, யாருக்கு நேர்காணல் அழைப்பு வருகிறது எனக் கணக்கிடுவது விண்ணப்பச் சோதனை முறையாகும். மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையில் மிகவும் அறியப்பட்டது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் நடத்தப்பட்ட அச்சோதனையில், வெள்ளையர்க்குரிய பெயர்களைக் கொண்ட விண்ணப்பங்கள் கறுப்பர்க்குரிய பெயர்களைக் கொண்டவற்றைவிட 50 விழுக்காடு கூடுதலான அழைப்புகளைப் பெற்றன.

லத்தினோக்களை, அதாவது இலத்தீன் அமெரிக்க வழியினரை, இச்சோதனைக்குள் கொண்டுவந்த ஆய்வுகளுள் தேவா பேஜர், புரூஸ் வெஸ்டர்ன், பார்ட் போனிகோவ்ஸ்கி ஆகியோர் 2009இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. நியூயார்க் நகரின் குறைந்த ஊதிய வேலைகளுக்கு வெள்ளையர், லத்தினோ, கறுப்பர் என மூவகை இளைஞர்கள் நேரில் சென்று விண்ணப்பித்தனர். வெள்ளையர்க்கு 31 விழுக்காடும் லத்தினோக்களுக்கு 25.2 விழுக்காடும் கறுப்பர்க்கு 15.2 விழுக்காடும் சாதகமான பதில்கள் கிடைத்தன. இவ்விகிதங்களைவிடவும் முதன்மையான ஒரு போக்கையும் அவ்வாய்வு பதிவு செய்தது. வாடிக்கையாளரோடு பேசிப் பழகும் வேலைக்கு விண்ணப்பித்த லத்தினோக்களும் கறுப்பர்களும், சுமை தூக்குதல், பாத்திரம் கழுவுதல் போன்ற கண்ணுக்குப் புலப்படாத வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டனர். அவர்களுக்கு வேலை மறுக்கப்படவில்லை. அவர்கள் விண்ணப்பித்த வேலைதான் மறுக்கப்பட்டது.

இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியாகும். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயர் கொண்ட விண்ணப்பம் அழைப்புப் பெறும் வாய்ப்பு விகிதம் 0.67 ஆகவும், முஸ்லிம் பெயர் கொண்டதன் விகிதம் 0.33 ஆகவும் அமைந்தன. சென்னையைக் களமாகக் கொண்டு சாரா சித்திக் 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஒடுக்கப்பட்ட சாதி விண்ணப்பதாரர் உயர்சாதியினர் பெறும் அதே எண்ணிக்கையிலான அழைப்பைப் பெறச் சராசரியாக 20 விழுக்காடு கூடுதல் விண்ணப்பங்களை அனுப்ப வேண்டியுள்ளதைக் காட்டியது. ஆண்கள் ஆட்தேர்வு செய்யும் இடங்களில் இவ்வேறுபாடு மிகுந்திருந்ததையும் அவர் சுட்டினார்.

மனிதவள அலுவலர்களை நேர்கண்டு சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் 2007இல் எழுதிய கட்டுரை, எண்களுக்குப் பின்னாலுள்ள மொழியை வெளிக்கொணர்ந்தது. தாங்கள் திறமையை மட்டுமே பார்ப்பதாகக் கூறிய அலுவலர்கள், அடுத்த மூச்சிலேயே விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்டறிவது இன்றியமையாதது என்றனர். சாதி என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே சாதியை விசாரிக்கும் வழியாக அக்கேள்வி அமைகிறது.

முறையியலின் எல்லை

மேற்கண்ட ஆய்வுகள், பாகுபாடு என்பது பாதிக்கப்பட்டோரின் கற்பனை என்ற வாதத்தை முறியடித்தன. அப்பணி சிறிதன்று. எனினும் தருமபுரி போன்ற ஒரு மாவட்டத்திற்கு அவற்றை அப்படியே பொருத்துவதில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது, விண்ணப்பம் என்னும் ஆவணம் பற்றியது. ஆங்கில நாளிதழ் விளம்பரத்தைப் படித்து அஞ்சலில் தன்விவரக் குறிப்பு அனுப்பும் பட்டதாரியே இச்சோதனைகளின் மாதிரி மனிதர். நூற்பாலைக்கோ கட்டுமானத் தளத்திற்கோ செல்லும் தொழிலாளி விண்ணப்பம் எழுதுவதில்லை. ஊரிலுள்ள தரகர், மேஸ்திரி, முன்பே வேலைக்குச் சென்ற உறவினர் ஆகியோர் வழியாகவே தேர்வு நடைபெறுகிறது. எந்த ஊருக்கு வண்டி அனுப்புவது என்று முடிவு செய்யப்படும்போதே தேர்வின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, பெயர் பற்றியது. வடஇந்தியாவில் குடும்பப் பெயரே சாதியை அறிவித்துவிடும். 1929இல் செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாட்டிற்குப் பின் சாதிப் பின்னொட்டைக் கைவிடும் வழக்கம் பரவிய தமிழ்நாட்டில், பெயர் அவ்வளவு எளிதாகச் சாதியைக் காட்டுவதில்லை. அவ்விடத்தை இங்கு முகவரி நிரப்புகிறது. ஊர் வேறு, காலனி வேறு எனப் பிரிந்துகிடக்கும் குடியிருப்பு அமைப்பில், முகவரியின் ஒரு சொல்லே போதுமானது. 2012 நவம்பர் 7 அன்று ஒரு கலப்பு மணத்தை முன்னிட்டு நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணாநகர் ஆகிய தருமபுரித் தலித் குடியிருப்புகள் தீக்கிரையாக்கப்பட்டதை நினைவிற்கொண்டால், அச்சொல் எத்தகைய சமூக எல்லையைக் குறிக்கிறது என்பது விளங்கும். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததும் இதனை உறுதிப்படுத்துகிறது. ஆவணத்திலிருந்து சொல் நீங்கினாலும், ஆள் எடுப்பவரின் நினைவிலிருந்து இடம் நீங்குவதில்லை.

மூன்றாவது இடர்ப்பாடே இக்கட்டுரைக்கு முதன்மையானது. விண்ணப்பச் சோதனை, வேலை கிடைத்தலை நன்மை என்றும் கிடைக்காமையைத் தீமை என்றும் கொள்கிறது. தருமபுரியின் இளம்பெண்களுக்கு நூற்பாலைகளின் வாயில் அடைபட்டிருக்கவில்லை. அவர்களைத் தேடியே வண்டி வந்தது. அழைப்பு விகிதத்தை மட்டும் அளந்தால், ஏழைத் தலித் குடும்பத்தின் மணமாகாத பெண்ணே சந்தையில் மிகவும் சலுகை பெற்றவர் என்ற விந்தையான முடிவுக்கு வர நேரும். எனவே, ஏன் அழைக்கப்பட்டார், எந்த நிபந்தனையில் அமர்த்தப்பட்டார், எப்போது வெளியேற்றப்பட்டார் என்ற வினாக்களையும் சேர்த்தே பாகுபாட்டை அளக்க வேண்டியுள்ளது.

தெரிந்தெடுக்கும் பிம்பம்

வார்ப்புப் பிம்பம் தெரிந்தெடுக்கவும் செய்யும் என்பதற்கு லத்தினோக்களின் நிலையே தக்க சான்று. லாஸ் ஏஞ்சலஸ் வேலையளிப்போரை ஆராய்ந்த ரோஜர் வால்டிங்கர், மைக்கேல் லிக்டர் ஆகியோரின் 2003ஆம் ஆண்டு நூல், குறைந்த ஊதிய வேலைகளுக்கு லத்தினோக் குடியேறிகளையே பலர் விரும்பி எடுத்ததைக் காட்டுகிறது. கடுமையாக உழைப்பவர்கள், முறையிடாதவர்கள் என்பது அவர்களைப் பற்றிய நற்சான்று. இந்நற்சான்றைப் பெற்றவர்கள் மேற்பார்வையாளர் பணிக்கோ உயர் ஊதியப் பணிக்கோ பொருத்தமானவர்களாக எண்ணப்படுவதில்லை. பணிவு என்று பாராட்டப்பட்ட பண்பே தலைமைக்கு ஏற்றதன்று எனக் கணிக்கப்படுகிறது.

இப்பிம்பத்தில் பால் குறுக்கிடும்போது அது மேலும் கூர்மையடைகிறது. பேஜர் குழுவினரின் சோதனையில் கலந்துகொண்டோர் அனைவரும் ஆண்கள் என்பதால் பெண்களின் நிலை அதில் இடம்பெறவில்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கின் மின்னணு ஆலைகளை ஆராய்ந்த கேரன் ஹாஸ்ஃபெல்டு, சிறிய உடலமைப்பு, அயல்நாட்டுப் பிறப்பு, பெண்பால் ஆகிய மூன்றையுமே தகுதியாகக் கொண்டு ஆசிய, இலத்தீன் அமெரிக்கப் பெண்கள் எடுக்கப்பட்டதை 1994இல் பதிவு செய்தார். 1981இல் டயான் எல்சன், ரூத் பியர்சன் ஆகியோர் எழுதிய கட்டுரை, பெண்களின் விரல் நளினம் இயற்கைக் கொடையன்று, வீட்டில் தாய்மாரிடம் பெற்ற நீண்ட பயிற்சியின் விளைவு என விளக்கியது. இயற்கை எனக் கொள்ளப்பட்டதால் அது திறன் ஆவதில்லை. திறன் ஆகாததால் அதற்கு ஊதியமும் இல்லை. மெக்சிகோ எல்லை ஆலைகளை ஆராய்ந்த லெஸ்லி சால்சிங்கர் 2003இல் ஒரு படி மேலே சென்று, பணிவான பெண் என்பவர் ஆலைக்கு வெளியே கண்டெடுக்கப்படுபவர் அல்லர், ஆலைக்குள் உருவாக்கப்படுபவர் என்றார்.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. சையத் ஹுசைன் அலாடாஸ் 1977இல் வெளியிட்ட நூல், மலாய் மக்களைச் சோம்பேறிகள் என்று முத்திரை குத்திய காலனியப் பார்வையை ஆராய்ந்தது. மலாய் மக்களை ஒதுக்கிய அதே பார்வை, தமிழ்க் கூலிகளை அடங்கி நடப்பவர்கள் என்று பாராட்டித் தோட்டங்களுக்குத் தேடியது. கங்காணி முறை அப்பாராட்டின் நிருவாக வடிவம். ஒரு பிம்பம் ஒருவரை விலக்கியது. இன்னொரு பிம்பம் மற்றொருவரைக் கட்டிப்போட்டது. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

சுமங்கலி என்னும் சொல்

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, காலமுடிவில் மொத்தமாக ஒரு தொகை வழங்கும் முறை ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரால் அறியப்பட்டது. தருமபுரி உள்ளிட்ட வறண்ட மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களே இதன் ஆட்திரட்டும் களங்கள். ஆலைகள் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில் இருந்தன. நெதர்லாந்தைச் சார்ந்த இரு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட ‘பருத்தியில் சிறைப்பட்டோர்’ என்னும் பொருள்படும் ஆங்கில அறிக்கை, இத்தொழிலாளருள் பெரும்பான்மையோர் தலித்துகள் என்றும், வெளியே செல்லவும் தொலைபேசியில் பேசவும் அவர்களுக்குத் தடைகள் இருந்தன என்றும் பதிவு செய்தது.

இத்திட்டத்தின் பெயரே தனியே ஆராயத்தக்கது. கணவன் உயிருடன் வாழும் பெண்ணைக் குறிப்பது சுமங்கலி என்னும் சொல். மணமாகாத பெண்ணை வேலைக்கு எடுக்கும் திட்டத்திற்கு மணமான பெண்ணின் பெயர் சூட்டப்பட்டது. தொழிலாளியின் நிகழ்காலம் இப்பெயரில் இல்லை; எதிர்காலமே உள்ளது. இதனால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன. மாதந்தோறும் பெற வேண்டிய ஊதியத்தின் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டுத் திருமணச் சீராக உருமாறுகிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் குற்றமாக்கிய ஒன்று, வேலைத் திட்டத்தின் கவர்ச்சியாக முன்வைக்கப்படுகிறது. உழைப்பவர் தொழிலாளி என்ற அடையாளத்தை இழந்து, திருமணத்திற்குக் காத்திருக்கும் மகளாகிறார். மகளுக்குச் சங்கம் தேவையில்லை, காவல்தான் தேவை என்ற நியாயமும் உடன்வருகிறது. விடுதிக் காப்பாளரின் கண்காணிப்பு, பெற்றோரின் அக்கறையாக விளக்கப்படுவது இவ்வாறே. இம்முறைக்கு வழங்கிய ‘கேம்ப் கூலி’ என்னும் மற்றொரு பெயர், மங்கலச் சொல் மறைத்ததை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

பெண்சிசுக் கொலைக்காக அறியப்பட்ட மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. பெண்குழந்தையைச் சுமையாக்கியது வரதட்சணை. அப்பெண் வளர்ந்தபின் அவளை ஆலைக்கு அனுப்பவைத்ததும் அதே வரதட்சணை. பிறப்பில் வேண்டப்படாதவள் பருவத்தில் மிகவும் தேவைப்படுபவள் ஆகிறாள். இம்முரணைத் தனிக் குடும்பங்களின் மனநிலையாக மட்டும் விளக்குவது போதாது. பெண் பற்றிய ஒரே பிம்பம் வீட்டில் செலவாகவும் ஆலையில் ஆதாயமாகவும் கணக்கிடப்படுகிறது.

மணமாகாதவர் மட்டும்

நூற்பாலையிலிருந்து மின்னணு ஆலைக்கு வேலைச் சந்தை நகர்ந்தபோதும் பிம்பம் உடன் நகர்ந்தது. திருப்பெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் ஒன்றுசேர்ப்புப் பணிகளில் மணமான பெண்கள் திட்டமிட்டு விலக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் புலனாய்வு அறிக்கை வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கருத்தரித்தல், விடுப்பு, தாலி முதலிய உலோக அணிகள் உற்பத்திக்கு இடையூறாதல் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. புதிதாக எடுக்கப்பட்டோருள் ஏறத்தாழ 25 விழுக்காட்டினர் மணமான பெண்கள் எனவும் தெரிவித்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது; தேசிய மனித உரிமை ஆணையமும் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. வயது, பால், மணநிலை ஆகியவற்றை விளம்பரங்களில் குறிப்பிட வேண்டாம் என்று ஆட்சேர்ப்பு முகவர்கள் அறிவுறுத்தப்பட்டதாக அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் தெரிவித்தது.

அவ்வறிக்கையின் ஒரு செய்தி கோட்பாட்டு நோக்கில் முதன்மையானது. உற்பத்தி உச்சத்தில் இருந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட காலங்களில் இந்நிபந்தனை தளர்த்தப்பட்டதாக அது கூறுகிறது. தாலி உண்மையாகவே இயந்திரத்திற்கு இடையூறானால், உற்பத்தி மிகும் மாதத்தில் அவ்விடையூறு குறைய வழியில்லை. பிம்பம் நம்பிக்கையாக மட்டும் செயல்படுவதில்லை, தேவைக்கேற்பத் திறந்து மூடும் மதகாகவும் செயல்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மணமான பெண் மிகுதியாக விடுப்பு எடுப்பார் என்ற வாதமும் பழமையானதே. பம்பாய் மருந்து நிறுவனமொன்று, பெண் ஊழியர் மணம் செய்துகொண்டால் பணி தானே முடிவுறும் என்ற விதியை வைத்திருந்தது. குழுவாகச் செய்யும் வேலையில் மணமான பெண்களின் வருகை குறையும் என்பது அதன் வாதம். பம்பாய்த் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் 1965இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காமல் விதியை நீக்கியது. சான்றற்றது என ஒதுக்கப்பட்ட அதே கருதுகோள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வழக்கில் இருக்கிறது. முன்பு அது வெளியேற்றும் விதியாக எழுத்தில் இருந்தது. இன்று உள்நுழைவில் எழுதாமல் கடைப்பிடிக்கப்படும் வடிகட்டியாக மாறியுள்ளது. எழுதப்படாத விதியை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம்.

பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியான ஓசூர், போச்சம்பள்ளி வட்டாரங்களிலும் பெண்களை மட்டுமே, அல்லது பெரும்பாலும் பெண்களையே, பணியமர்த்தும் ஆலைகள் அண்மைக் காலத்தில் எழுந்துள்ளன. போச்சம்பள்ளி மின்ஸ்கூட்டர் ஆலை முழுவதும் பெண்களால் இயக்கப்படும் என 2021இல் அறிவிக்கப்பட்டது. ஓசூர் அருகிலுள்ள ஐபோன் ஆலைக்காக ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் 6,000 பேருக்குப் பயிற்சி அளிக்கப்படுவதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் தெரிவித்தார். இவ்வேலைகள் பல குடும்பங்களுக்கு முதன்முறையாக நிலையான மாதச் சம்பளத்தைத் தந்துள்ளன என்பது மறுக்கத்தக்கதன்று. ‘பெண்களுக்கு வேலை’ என்ற அறிவிப்பும் ‘இன்ன வகைப் பெண்களுக்கு மட்டும், இன்ன வயதுவரை மட்டும், இன்ன படிநிலைவரை மட்டும் வேலை’ என்ற நடைமுறையும் ஒன்றல்ல. முன்னதை வரவேற்பதற்காகப் பின்னதைக் கேள்வி கேட்காமல் விடுவது ஆய்வாளர்க்குத் தகாது.

மலையும் மரமும்

இதுவரை கண்டது பெண்களைத் தெரிந்தெடுக்கும் பிம்பம். ஆண்களைத் தெரிந்தெடுக்கும் பிம்பம் எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு இம்மாவட்டத்தின் மலைவாழ் மக்கள் சான்றாவர். அரூர் வட்டாரத்துச் சித்தேரி மலை முதலிய இடங்களில் வாழும் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர், பெயரொற்றுமை தவிரக் கேரள மக்களோடு தொடர்பற்றவர்கள். மரமேறவும் மலை நடக்கவும் மரம் வெட்டவும் பிறந்தவர்கள் என்ற பிம்பம் இவர்கள்மீது நெடுநாளாகப் படிந்துள்ளது.

1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய்த் துறையினர் வாச்சாத்தி மலையடிவார ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்ததோடு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கோ அவர்தம் குடும்பத்தினர்க்கோ தகுந்த வேலை அல்லது தொழில் வாய்ப்பு அளிக்குமாறும் அரசுக்கு ஆணையிட்டது. ஓர் ஊர் முழுவதையும் கடத்தல்காரர் ஊராகப் பார்த்த பிம்பத்திற்கான பரிகாரத்தில் வேலையும் ஒன்றாக அமைந்தது கருதத்தக்கது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரால் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மலைவாழ் மக்கள் பலர். மலைக்காரன் மரம் வெட்டுவான் என்ற பிம்பத்தால்தான் தரகர் இவர்களைத் தேடி மலையேறுகிறார். மலைக்காரன் கடத்தல்காரன் என்ற அதே பிம்பத்தின் மறுபுறமே காட்டில் துப்பாக்கியாக எதிர்நிற்கிறது. அழைத்த பிம்பமும் கொன்ற பிம்பமும் வேறல்ல. வேலை கிடைத்தல் என்பதை மட்டும் நன்மையாகக் கணக்கிடும் எந்த அளவுகோலும் இம்மரணங்களை விளக்காது.

சட்டத்தின் பார்வை

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் தனியார் வேலைகளிலும் இனம், பால், தேசியப் பிறப்பு முதலியவை சார்ந்த பாகுபாட்டைத் தடை செய்தது. 1971இல் கிரிக்ஸ் வழக்கின் தீர்ப்பு, உள்நோக்கத்தை நிறுவாவிட்டாலும், ஒரு தேர்வுமுறை வேலைக்குத் தொடர்பின்றி ஒரு குழுவினரைப் பெருமளவில் விலக்கினால் அது சட்டமீறலே எனக் கொண்டது.

இந்தியாவில் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு அரசு வேலைகளுக்கே உரியது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் 5ஆம் பிரிவில் ஆள் எடுப்பதில் பால் பாகுபாட்டைத் தடுத்தது. அவ்விடத்தில் 2025 நவம்பர் 21 முதல் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பேரால் வேலை மறுப்பதைக் குற்றமாக்குகிறது. இச்சட்டங்கள் குறிப்பிட்ட ஒருவர்க்குக் குறிப்பிட்ட ஒருவர் செய்த மறுப்பையே காண்கின்றன. யாருக்கும் மறுக்காமல், பலவீனமானவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அமர்த்தும் முறை இவற்றின் கண்ணில் படுவதில்லை.

2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இவ்வகையில் மாறுபட்டது. ஒரு பெண் தொழிலாளியின் கொலைக்குப் பின், பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஆடை நிறுவனமும் பன்னாட்டு வணிகப் பெயர் நிறுவனமும் இதில் இணைந்தன. பால், சாதி, புலம்பெயர் நிலை ஆகிய மூன்றின் அடிப்படையிலான பாகுபாட்டையும் அது ஒருசேர எடுத்துக்கொண்டது. ஆலையின் வாயிலில் நின்றுவிடாமல் உள்ளே சென்று பார்ப்பதும், தொழிலாளரே கண்காணிப்போராக அமைவதும் அதன் சிறப்புகள்.

முடிவுரை

வேலைத்தேர்வில் வார்ப்புப் பிம்பங்களின் பங்கை விண்ணப்பச் சோதனை ஆய்வுகள் உறுதியாக நிறுவியுள்ளன. எனினும் அவை விலக்கத்தை மட்டுமே அளக்கின்றன. நியூயார்க்கில் லத்தினோ இளைஞர் பாத்திரம் கழுவத் திருப்பிவிடப்படுவதும், தருமபுரிப் பெண் சீர்வரிசையின் பெயரால் நூற்பாலை விடுதிக்கு அழைக்கப்படுவதும், மலைவாழ் ஆண் செம்மரக் காட்டிற்கு வண்டியேற்றப்படுவதும் உள்வாங்கும் பாகுபாட்டின் வடிவங்கள். இவற்றில் பிம்பம் பாராட்டின் குரலில் பேசுகிறது. பொறுமை, பணிவு, விரல் நளினம், உடல்வலிமை எனப் பாராட்டப்படும் ஒவ்வொன்றும் ஊதியத்தைக் குறைப்பதற்கோ ஆபத்தை ஏற்கச் செய்வதற்கோ காரணமாக்கப்படுகிறது.

நல்லம்பள்ளி வட்டத்தில் சிப்காட் தொழிற்பூங்கா அமையவிருக்கும் இவ்வேளையில், தருமபுரி மக்கள் ஊரைவிட்டுச் செல்லாமலே ஆலை வேலை பெறும் காலம் நெருங்குகிறது. அப்போது எத்தனை பேருக்கு வேலை என்ற எண்ணிக்கையோடு, எந்த ஊரார் எந்தப் பணிக்கு எடுக்கப்பட்டனர், மணத்திற்குப் பின் எத்தனை பெண்கள் பணியில் தொடர்ந்தனர், காலனியிலிருந்தும் மலையிலிருந்தும் வந்தவர்களுள் எத்தனை பேர் மேற்பார்வையாளர் நிலையை எட்டினர் என்பனவும் கணக்கெடுக்கப்பட வேண்டும். வேலைவாய்ப்பு விளம்பரங்களின் மொழியைத் தொகுத்து ஆராய்வது தமிழாய்வுத் துறையினர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். ‘சுமங்கலி’ என்ற ஒரு சொல் ஊதியத்தைச் சீராக மாற்றியதைக் கண்டவர்க்கு, ஆள் தேவை என்று தொடங்கும் ஒவ்வோர் அறிவிப்பும் எத்தகைய ஆளைக் கற்பனை செய்து எழுதப்பட்டது என்ற வினா எழுவது இயல்பு. பாகுபாட்டை இனங்காணும் முயற்சி அவ்வினாவிலிருந்து தொடங்க வேண்டும்.